பத்து நிமிடத்துக்கான தண்டனை

செசிலியா அக்காவை ஏமாற்றுக்காரி என்று யாராவது சொன்னால் என் வாயில் நல்ல வார்த்தை வராது. பாயான் லெப்பாஸ் கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் இருபத்து நான்கு வருடம் அவருக்குப் பக்கத்து மெஷினில் நின்றவள் நான், ருக்குமணி. கம்பெனி பஸ்ஸில் ஜெலுத்தோங் வரும்வரை ஜெபமாலை உருட்டுவார். அதன்பிறகு சூப்பர்வைசரைத் திட்டுவார். இரண்டிலும் பக்தி ஒன்றுதான்.

கணவர் பெஞ்சமின் டாக்சி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் மூன்று முறை டயாலிசிஸ். செலவெல்லாம் அக்காவின் கம்பெனி மருத்துவச் சலுகையில் ஓடியது. அந்த வேலைதான் அந்த மனிதரின் உயிர்.

எங்கள் லைனில் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. மாலை இடைவேளை இருபதே நிமிடம். அதற்குள் தூசு படாத வேலையறையைவிட்டு வந்து, அங்கி, முகமூடி, காலுறை எல்லாம் கழற்றி, மறுபடி மாட்டவே எட்டு நிமிடம் போய்விடும். மிச்சத்தில் நோன்பு திறந்து தொழுவது எப்படி? அதனால் நோன்பு மாதத்தில் மலாய்க்காரப் பெண்களின் வேலை அட்டையை நேரம் பதியும் கருவியில் நாங்கள் நேரத்துக்குத் தட்டிவிடுவோம். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அக்காவுக்கு அவர்கள் தட்டுவார்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் எனக்கு அக்கா தட்டியிருக்கிறார்.

போன வருடம் நோன்பில் ஒரு நாள் அக்கா, எங்கள் லைன் மலாய்க்காரப் பெண் நோர்மாவின் அட்டையைத் தட்டினார். நோர்மா பத்து நிமிடம் கழித்து வந்தாள். புதிதாக மாட்டிய கேமரா அதைப் பார்த்துவிட்டது.

விசாரணை வைத்தார்கள். நிர்வாக அதிகாரி பிரவின், அக்காவின் மகன் வயது. சாட்சியாக என்னையும் உட்காரவைத்தார்கள்.

"நான்தான் தட்டினேன். நோர்மா கேக்கல. போனஸ வெட்டுங்க, ரெண்டு வாரம் சஸ்பென்ட் பண்ணுங்க, டாய்லெட் கழுவச் சொல்லுங்க. வேலைய மட்டும் எடுத்துறாதீங்க தம்பி. வீட்டுக்காரரு செத்துருவாரு" என்றார் அக்கா.

"ஆன்ட்டி, அது வேற, இது வேற லா. பத்து நிமிஷமோ பத்து நாளோ, ரூல்ல தண்டனை ஒன்னுதான்."

"நான் மட்டுமா செஞ்சேன்? லைனே செய்யுது. ருக்குவக் கேளுங்க."

பிரவின் என் பக்கம் திரும்பினான். "ருக்குமணி அக்கா, வேற யாராச்சும் இப்படித் தட்டுவாங்களா?"

நாற்பது பேர் தட்டுகிறோம் என்று சொல்லியிருந்தால் நாற்பது பேரையுமா வெளியே அனுப்பியிருப்பார்கள்? அனுப்பியிருக்க முடியாது. இது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் என் பெயரும் அந்த நாற்பதில் இருந்தது.

"இல்ல தம்பி. நான் பாத்ததில்ல" என்றேன்.

நோர்மாவுக்கு எச்சரிக்கைக் கடிதம். அக்காவை அன்றைக்கே வாசல்வரை காவலாளியோடு அனுப்பினார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. ஆனால் எரிந்தது அவர்கள் வீடு இல்லையே.

அரசாங்க மருத்துவமனையில் நீண்ட வரிசை. ஐம்பத்து நான்கு வயதில், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கு எந்தத் தொழிற்சாலையும் கதவைத் திறக்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் தட்டு, மங்கு கழுவினார். வாரம் மூன்று முறை நடந்த டயாலிசிஸ் இரண்டானது. பெஞ்சமின் அண்ணனுக்குக் கால் வீங்கியது, பிறகு மூச்சு முட்டியது. செப்டம்பரில் அடக்கம் செய்தோம்.

கல்லறையில் எல்லாரும் போனபிறகு அக்காவின் கையைப் பிடித்து அழுதேன். அவர் அழவில்லை.

"ஒனக்கும் பிள்ளைங்க இருக்கு லா, ருக்கு. பயந்துட்ட. போ, பஸ் போயிரும்" என்றார்.

என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

இந்த வருடமும் நோன்பு வந்தது. இப்போது யாரும் யாருக்கும் அட்டை தட்டுவதில்லை. நோர்மா சுவரோரம் நின்றபடி பேரீச்சம்பழத்தை விழுங்கிவிட்டு ஓடி வருகிறாள். அக்காவைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதே இல்லை.

போன வாரம் கம்பெனி விருந்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இருபத்தைந்து வருட நேர்மையான சேவைக்கு என்று சொல்லி, பிரவின் தன் கையாலேயே எனக்கு ஒரு கைக்கடிகாரம் கட்டிவிட்டான். எல்லாரும் கைதட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.