ஏரி நடேசண்ணையும் கிடார மூடியும்

லா சப்பல் தமிழ்க் கடையொன்றில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் சாவுச் செய்தி வந்தது. கடைக்கார அண்ணை கைபேசியைப் பார்த்தபடி, "தங்கச்சி, எங்கட ஏரி நடேசண்ணை மோசம் போயிட்டாராம்" என்றார். வரிசையில் நின்ற மூன்று பேரும் திரும்பினார்கள். மூவருமே அவருடைய பேருந்தில் போனவர்கள்.

எங்கள் லா கூர்னெவுக்குக் குடிவருமுன் நடேசண்ணை, மலைகள் சூழ்ந்த அன்னெசி ஏரிக்கரையில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பல வருடங்கள் வேலை செய்தார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலால்தான் அவர் ஏரியைப் படித்தார். பிறகு கோடைதோறும் எங்களைப் பேருந்தில் ஏற்றி அங்கே கூட்டிப் போனார். பழைய பனிப்பாறை குடைந்த பள்ளம் அது என்பார். ஆதி மனிதர் வீடு கட்ட நட்ட மரக்கம்பங்களின் அடிகள் இன்னும் நீருக்குள் இருக்கின்றன என்பார். ஒரு காலத்தில் கழிவுநீரால் கெட்டுப்போன ஏரியை, சுற்றியுள்ள ஊர்கள் சேர்ந்து, கரை நீளத்துக்கும் குழாய் பதித்து மீட்ட கதைக்கு வந்தால் குரல் உயரும். "இந்தத் தண்ணி தன்பாட்டில தெளியேல்லை. சனம் கூடித் தெளிய வைச்சது." பின் இருக்கைகளில் நாங்கள் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

எட்டு வருடங்களுக்கு முந்திய அந்தப் பயணம், கூட வந்த உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நல்ல வெயில். பிள்ளைகள் நீரில் நின்றார்கள். பதினொரு வயதான என் மகள், தோழியுடன் மிதிபடகில் வெகுதூரம் போயிருந்தாள். நடேசண்ணை மட்டும் மேற்கு மலையின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஒரு சின்ன மேகம்.

"எல்லாரும் கரைக்கு வாங்கோ. அரை மணித்தியாலத்தில காத்து வரும்."

"வெயில் மண்டையைப் பிளக்குது, அண்ணைக்குப் புயல் தெரியுதாம்!"

அப்படிச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தவள் நான்தான். ஒருவரும் அசையவில்லை.

அவர் வாதாடவில்லை. நேரே கரையில் இருந்த பெரிய புரியாணிக் கிடாரத்தடிக்குப் போய், மூடியைத் தூக்கி, அகப்பையால் ஓங்கித் தட்டினார். "சாப்பாடு போடுறன்! பிந்தி வாறவைக்கு வெறும் சோறுதான், இறைச்சி இல்லை!"

நீரில் நின்றவர்கள் விழுந்தடித்து ஓடி வந்தார்கள். மிதிபடகும் திரும்பியது. மகள் கையில் தட்டை வாங்கியிருப்பாள். அதற்குள் ஏரி கறுத்துவிட்டது. காற்று எங்கள் பாய்களைப் பிடுங்கி எறிந்தது. அவள் படகு நின்ற இடத்தில் வெள்ளை அலைகள் புரண்டன. ஈரத்தோடு அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என்னவென்று புரியாமல் அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்றேன்.

"மலை சொன்னா நீங்கள் கேக்க மாட்டியள், பிள்ளை. கிடாரம் சொன்னாக் கேப்பியள்."

மலையைப் போலவே எங்களையும் அவர் படித்து வைத்திருந்தார். தன் சொல் எடுபடாதபோது கோபிக்காமல், எங்களுக்குக் கேட்கும் சத்தத்தைத் தேடிப் பிடித்தார். நான் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பேன்.

மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. அன்று நடேசண்ணை ஏன் அவளைக் கரைக்கு அழைத்தார் என்பதை, வெட்கத்தால் இத்தனை காலமும் சொல்லாதிருந்து, இந்த வாரம்தான் சொன்னேன். அவளும் நானும் போய், அவருடைய மனைவியிடம் அந்த மூடியைக் கேட்டு வாங்கி வந்தோம். ஓரத்தில் அகப்பை பட்ட நெளிவு அப்படியே இருக்கிறது. இந்தக் கோடையில் நாங்கள் அந்தக் கரைக்குப் போகும்போது அது என் கையில் இருக்கும். கண் மேற்கு மலையில் இருக்கும்.