எங்கள் வேலியில் இருந்த முள்ளுப்பூச்சி

எங்கள் கொல்லை வேலியில் ஒரு பூச்சி உண்டு. நாற்பது வருஷமாக அதைக் கண்ட இடத்தில் கொன்றேன். செருப்பால், கல்லால், சில நாள் வெறுங்காலால். எட்டுக்கால் பூச்சியில் ஒரு ஜாதி அது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். நண்டு ஓடு மாதிரி கெட்டியான முதுகு, மஞ்சளில் கறுப்புப் பட்டை, ஓரத்தில் ஆறு முள். காரைச்செடிக்கும் சூரைச்செடிக்கும் நடுவே வட்டமாக வலை கட்டி, அதன் நடுவில் தலைகீழாகத் தொங்கும். முள்ளுப்பூச்சி என்போம். அது என் மகளைக் கொன்றது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான்.

அவளுக்கு அப்போது ஏழு வயது. பருத்தி எடுத்துக் குவித்திருந்தோம். வீட்டுக்காரர் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அரியலூருக்குப் போயிருந்தார். விளக்கு வைத்து முடித்திருந்தேன். குவியல் மேல் உட்கார்ந்திருந்தவள் எழுந்து ஓடி வந்து, "அம்மா, பூச்சி கடிச்சிடுச்சு" என்றாள். பாவாடையில் முள்ளுப்பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டிவிட்டு மிதித்தேன். அவள் காட்டின இடத்தில் கணுக்காலில் ஒன்றுமே தெரியவில்லை. இருந்தாலும் சுண்ணாம்பு தடவினேன். கொஞ்ச நேரத்தில் வயிறு வலிக்கிறது என்றாள். கண் சொக்கியது. பேச்சு குழறியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

கூட இருந்த நாத்தனார், "அண்ணி, எதுக்கும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்" என்றாள்.

"பூச்சிக்கடிக்கு எவளாவது ஆஸ்பத்திரிக்கு ஓடுவாளா? எம் புள்ளய எனக்குப் பாத்துக்கத் தெரியும், நீ போயி உலையப் பாரு."

விடியும்போது பிள்ளை சில்லிட்டுக் கிடந்தாள்.

வீட்டுக்காரர் வந்து கேட்டது ஒரே கேள்வி. "என்ன பூச்சி?" முள்ளுப்பூச்சி, என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அதற்குப் பிறகு வருஷா வருஷம் கோடையில் அந்த வேலிக்கு நெருப்பு வைத்தார். மழை பெய்தால் காரை துளிர்க்கும், பூச்சியும் எங்கிருந்தோ வந்துவிடும். எனக்கோ விளக்கு வைத்தால் போதும், பின்னால் அந்தக் குரல் கேட்கும். பூச்சி கடிச்சிடுச்சு. திரும்பிப் பார்க்க மாட்டேன். இன்றைக்கும் பார்ப்பதில்லை.

போன வருஷம் ஐப்பசி மழையில் பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி ஒரு பெண் வந்தாள். காலேஜில் பூச்சிகளைப் பற்றிப் படிக்கிறவள். வேலியோரம் குத்தவைத்து உட்கார்ந்து, சின்னக் கண்ணாடிப் புட்டியும் பூதக்கண்ணாடியுமாக இருந்தாள்.

"என்னம்மா தேடுற, தோடு கீடு வுழுந்துடுச்சா?"

"இல்ல ஆயா, பூச்சி தேடுறேன்."

"ஆயாவா? எனக்கு இன்னும் ஒரு பல்லு வுழல, தெரியுமா?"

சிரித்தாள். உள்ளங்கையை நீட்டினாள். அதில் முள்ளுப்பூச்சி ஊர்ந்துகொண்டிருந்தது. நான் ரெண்டு அடி பின்னால் நகர்ந்தேன்.

அது இதுவரை எந்தப் புத்தகத்திலும் ஏறாத பூச்சியாம். புதுசு என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு முள்ளும் எவ்வளவு நீளம், முதுகில் எத்தனை குழி, அடிவயிற்றில் என்ன அடையாளம் என்று அளந்து எழுத வேண்டுமாம். ஆண் பூச்சி எள் அளவுதானாம். பெண்ணை வைத்துத்தான் இனத்தைச் சொல்வார்களாம். ஒன்று போதாது, நாலைந்து பெண் வேண்டும், அப்போதுதான் இது ஊனமாகப் பிறந்த ஒன்று இல்லை, இனமே இப்படித்தான் என்று நம்புவார்களாம். "சுத்துவட்டாரம் பூரா பாத்துட்டேன் ஆயா. பாதி எடம் சுண்ணாம்புக்கல் குழியாப் போச்சு. உங்க வேலியிலதான் இருக்கு."

"கையில வச்சிருக்கியே, கடிக்காதா?"

"கடிச்சா கொஞ்சம் தடிக்கும், அரிக்கும். அவ்ளோதான்."

"சின்னப் புள்ளயக் கடிச்சா?"

"சின்னப் புள்ளைக்கும் அவ்ளோதான். இந்த வகையில ஆளக் கொல்ற விஷம் எதுக்கும் கெடையாது."

"கண்ணு சொக்கி, வயிறு வலிச்சு, பேச்சு கொழறுனா?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கையிலிருந்ததை மெதுவாகப் புட்டிக்குள் விட்டு மூடினாள். "அது கட்டுவிரியன் கடி ஆயா. கடிச்ச எடமே தெரியாது. யாருக்கு?"

"எம் பொண்ணுக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்லக் கூடாது. பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாள் அந்தி நேரத்தில் அவள் வாய் தவறிப் பாம்பு என்று சொன்னதற்கு, வாயிலேயே ஓர் அடி போட்டவள் நான். எவ்வளவு ஒழுங்காக வளர்த்திருக்கிறாள் பார் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் எனக்கு. பிள்ளை நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னாள். நான்தான் வேறு பூச்சியைப் பார்த்தேன்.

அடுத்த தடவை வந்தபோது அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பூச்சிக்குப் பேரு நாங்கதான் வைக்கணும். எங்க சார்கிட்டப் பேசிட்டேன். உங்க பொண்ணு பேர வச்சுடலாமா ஆயா?"

"வேணாம் தாயி. எம் புள்ள பேரச் சொல்லிச் சொல்லித்தான் அத்தனையையும் மிதிச்சேன். அந்தப் பேரு அதுக்கு வேணாம்."

வீட்டுக்காரரிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. என்னவென்று திறப்பது?

கார்த்திகையில் அவர் ஜேசிபிக்குச் சொல்லிவிட்டார். வயதாகிவிட்டது, இனிமேல் வருஷா வருஷம் கொளுத்த முடியாது, காலையில் வந்து வேரோடு வாரிவிடட்டும் என்றார். அன்று மத்தியானம் அந்தப் பெண் வந்து அவர் முன்னால் நின்று கெஞ்சினாள். "ரெண்டே ரெண்டுதான் ஐயா கெடச்சிருக்கு. மிச்சமெல்லாம் இன்னும் குஞ்சு. ஒரு மாசம் பொறுங்க. வேலி போச்சுன்னா பூச்சியும் போச்சு."

"போவட்டும். எம் புள்ளயத் தின்ன பூச்சிம்மா அது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கீழே குனிந்துகொண்டேன். அவள் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் அப்படியே இருந்துவிட்டால் விடிந்ததும் எல்லாம் முடிந்துவிடும். வேலியும் இருக்காது, பூச்சியும் இருக்காது, என் மேல் ஒரு சொல்லும் வராது. நான் சொன்னதே நிலைத்துவிடும்.

"என்னங்க, ஜேசிபிய வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றேன்.

"ஏன், உனக்கு என்ன புதுசா?"

சொன்னேன். நாத்தனார் கூப்பிட்டதையும், நான் மறுத்ததையும்கூட அன்றுதான் சொன்னேன். அவர் போனை எடுத்து, "தம்பி, நாளைக்கு வர வேணாம்" என்று மட்டும் சொல்லி வைத்தார். பிறகு எழுந்து வேலிப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன்.

காரைச்செடியில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வலை ஓரத்தில் மழைத்தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அவர் குனிந்து, முகம் படுகிற தூரத்தில் வெகு நேரம் அதையே பார்த்தார்.

"இத்துனூண்டு இருக்கு. இதயா நம்புன?"

"நம்புனேன்."

"நான் நீ சொன்னத நம்புனேன்."

அதைச் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குத் திரும்பினார். நான் அங்கேயே நின்றேன்.