நான் பிடுங்கிய பிளக்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு மைக்செட்டின் பிளக்கைப் பிடுங்கினேன். அதுவரை எங்கள் வில்லாபுரம் தெருவில் யார் மேலும் யாரும் கை வைத்திருக்கவில்லை.

என் மகளுக்குப் பதினேழு வயது. செல்லோ வாசிக்கிறாள். வயலினைப் பெரிதாக்கிய மாதிரி இருக்கும் வாத்தியம். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஐரோப்பாவில் கோடையில் இளைஞர் இசைக்குழுப் பயிற்சி ஒன்று நடக்கிறது. பல நாட்டுப் பிள்ளைகள் மூன்று வாரம் சேர்ந்து தங்கி, ஒரே குழுவாக வாசிப்பார்கள். அதில் இடம் கேட்டு அவள் ஆறு நிமிட வீடியோ அனுப்ப வேண்டும். ஒரே தடவையில் எடுத்ததாக இருக்க வேண்டும். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. அன்று மாலை மூன்றரைக்குள் அனுப்பியாக வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு தந்தி அறுந்து, சென்னையிலிருந்து புதிது வந்து சேரவே சனிக்கிழமை சாயங்காலமாகிவிட்டது. புதுத் தந்தி ஒரு ராத்திரியாவது இழுபட்டால்தான் சுருதியில் நிற்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வேறு நாளில்லை.

அன்றைக்கு இரண்டு வீடு தள்ளிக் காதுகுத்து. எங்கள் மாடி ஜன்னலுக்கு எதிர்க் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். முந்தின நாளே அந்த வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

"பத்து நிமிசந்தானண்ணே, அமத்திப்பிடுவோம். மச்சான் வந்து எறங்குறதுக்கு முன்னாடி எப்ப வேணாலும் வந்து சொல்லுங்க" என்றார்.

பதினோரு மணிக்கு மகள் தயாரானாள். பாட்டு நின்றதும் ஆரம்பி என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வீட்டுக்காரரைக் காணவில்லை. மைக்செட்காரர் கம்பத்தடியில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்.

"அவரு தெருமொனைக்குப் போயிருக்காரு. அவரு சொல்லாம நான் கை வைக்க மாட்டேண்ணே."

"நேத்தே பேசியாச்சுப்பா."

"நீங்க பேசுனீக, எங்கிட்ட யாரு பேசுனா? பாப்பாவ மத்தியானம் வாசிக்கச் சொல்லுங்க. பிரியாணியப் போட்டுட்டா இந்தத் தெருவே தூங்கிரும்."

அவர் சொன்னது சரி. மத்தியானம் ஒரு மணிக்கு மேலும் நேரம் இருந்தது. ஆனால் நான் மூன்று நாளாகத் தூங்காதவன். முதல் தடவை பிசகிவிட்டால், இன்டர்நெட் இழுத்தால், கரண்டு போனால் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கை கழுவ எழுந்தபோது பிடுங்கிவிட்டேன்.

மாடியிலிருந்து செல்லோவின் முதல் சத்தம் கேட்டது. அதே நேரம் தெருமுனையில் வெடி வெடித்தது. சமயநல்லூரிலிருந்து தாய்மாமன் சீரோடு வந்து இறங்கியிருந்தார். தட்டுத் தட்டாகப் பழம், மாலை போட்ட கிடா, பின்னால் முப்பது நாற்பது பேர். வீட்டுக்காரர் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். அவரை வரவேற்கத்தான் அந்தப் பாட்டு. அவர் கால் வைக்கும்போது அதை நிறுத்துவது, முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதற்குச் சமம். எனக்கு இது தெரியாததல்ல. நானும் ஒரு பிள்ளைக்குத் தாய்மாமன்தான்.

"என்ன மாப்ள, நான் வந்ததும் பாட்ட அமத்துறீகளோ? பால் காச்சுனப்பவும் இப்படித்தான் என்னைய மூணாம் பந்தியில ஒக்கார வச்சீக!" என்று தாய்மாமன் வீட்டுக்காரரிடம் பாய்ந்தார்.

"இல்ல மச்சான், கரண்டு போயிருச்சு போல..."

"ஃபேனு ஓடுது, கரண்டு போயிருச்சாம்ல!" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார்.

ஒரு தட்டு பறந்தது. தாய்மாமன் போய் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்தார். யாரோ பிளாஸ்டிக் நாற்காலியைத் தாய்மாமன் முதுகில் உடைத்தார்கள். அதன்பின் யார் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பந்தலின் இரும்புக் குழாயை ஒருவன் உருவ, துணி சரிந்து பெண்கள் மேல் விழுந்தது. குழாய் தாய்மாமனின் நெற்றியில் இறங்கியது. ஈரத் துணியைக் கல்லில் அடித்தது போன்ற சத்தம். அவர் இரண்டு கையாலும் நெற்றியைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது.

"நான்தான் புடுங்குனேன்! அவுக மேல தப்பில்ல!" என்று கத்தினேன்.

கேட்க வேண்டியவருக்குக் கேட்கவில்லை. அவர் ஆட்கள் மூன்று பேருக்குக் கேட்டது.

"எங்க விசேசத்துல ஒயரப் புடுங்க நீ யார்றா?"

முதல் அறை காதோடு சேர்த்து விழுந்தது. அடுத்து நான் தரையில் கிடந்தேன். ஊர்ந்து போய் எங்கள் மாடிப்படிக் கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். விலாவில் மிதித்தார்கள், தொடையில் மிதித்தார்கள். மேலே அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். நாலு நிமிடம் ஆகியிருக்கும், இன்னும் இரண்டுதான் என்று நான் எண்ணினேன். தெருக் கூச்சலை மூடிய ஜன்னல் கொஞ்சம் தடுக்கும், என் சத்தம் படிவழியே நேரே ஏறி வீடியோவில் விழும் என்று சட்டைக் காலரை வாயில் கடித்துக்கொண்டேன். நாலாவதோ ஐந்தாவதோ மிதியில் அலறிவிட்டேன்.

செல்லோ நின்றது.

படியில் அவள் ஓடி வரும் சத்தம் கேட்டது. கதவை உள்ளேயிருந்து தள்ளித் திறந்து, என் மேல் குனிந்து, கையை என் தலைமேல் வைத்து மறைத்தாள். எனக்கு ஓங்கிய குழாய் அந்தக் கையில் விழுந்தது. தந்திகளை அழுத்தும் இடது கை.

"டேய், பொம்பளப்புள்ளடா!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் விலகியது.

பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு விரல் எலும்பு முறிந்திருந்தது. "எத்தனை வாரம்?" என்று மட்டும் கேட்டாள். கட்டுப் பிரிக்கவே ஆறு வாரமாகும், பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். மூன்றேகாலுக்கு வலது கையால் போனை எடுத்தாள்.

"வாசிச்சது நாலு நிமிசம் இருக்குப்பா. இதையே அனுப்பட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே போட்டுப் பார்த்தாள். கடைசியில் என் அலறல் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். மூன்றரை தாண்டியது.

நாலு மணி வாக்கில், காது குத்தாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் அம்மா வந்தாள். பட்டுச்சேலையின் முந்தானையில் அவள் அண்ணனின் ரத்தம் காய்ந்திருந்தது. என் மகளின் கைக்கட்டைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

"எங்கண்ணன் அந்த வார்டுல கெடக்காரு. எங்க வீட்டுக்காரரு வேணும்னே அமத்துனாருன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. செத்தாலும் இனி என் வாசப்படி மிதிக்க மாட்டாராம். நான் எம்புட்டுச் சொல்லியும் நம்பல. எந்திரிங்கண்ணே. நீங்கதான் புடுங்குனீகன்னு நீங்களே வந்து அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."