என் தப்புதான், சார்!

நுமாதா ஷிகேருவை ஜப்பானில் எந்தக் கால்பந்துக் கழகமும் விரட்டவில்லை. அவர் தம்மைப் பற்றிச் சொன்னதையெல்லாம் ஒரு கழகம் ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான்.

இரண்டாம் பிரிவு அணி ஒன்றில் அவர் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் தப்பை அவரவரே சொல்வது அங்கே வழக்கம். தோற்றாலும் சொல்ல வேண்டும், வென்றாலும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட அணியிலிருந்தே பழகிய நுமாதா அதில் கெட்டிக்காரர். அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய அன்று அவர் எழுந்து நின்று, தமக்குத் திரும்பும் வேகம் போதாது என்பதையும், தம் வலது கால் வெறும் அலங்காரம் என்பதையும், தலையால் முட்ட வேண்டிய பந்தைக் கண்டால் தாம் கண்ணை மூடிக்கொள்வதையும் ஒன்றுவிடாமல் எடுத்துரைத்தார். நிர்வாகிகள் கவனமாகக் கேட்டார்கள். மறுவாரம் அவரை விடுவித்தார்கள். காரணம் தேட அவர்கள் சிரமப்படவே இல்லை.

பிறகு சிங்கப்பூர். அதன்பின் ஹாங்காங். அங்கே முழங்கால் தேயும்வரை ஆடினார். தேய்ந்தபின் ஊர் திரும்ப மனமில்லாமல், பயிற்சியாளர் சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொண்டு, தொந்தி விழுந்த வங்கி ஊழியர்களுக்கு வாரக் கடைசியில் பந்து உதைக்கச் சொல்லிக்கொடுத்து நாளைத் தள்ளினார். லீக்கில் ஆடும் ஓர் அணியை நடத்த வேண்டும். அதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது. தலை பாதி நரைக்கும்வரை எவரும் கூப்பிடவில்லை. கடைசியில் கூப்பிட்டவர், சுட்ட வாத்துக் கடைகள் நடத்தும் மாக் முதலாளி.

மாக் முதலாளிக்கு ஊர் முழுக்கக் கிளைகள். கூடவே ‘பொன்னிறகு’ என்று ஒரு கால்பந்து அணியும் வைத்திருந்தார். நேர்காணல் கடையிலேயே நடந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வாத்துகள் கழுத்தால் தொங்கிக்கொண்டிருந்தன.

“ஜப்பான்காரர்தானே?”

“ஆமாங்க.”

“அப்பச் சரி. வேற எதுவும் கேக்க வேண்டியதில்ல.”

“என்னோட ஆட்ட முறையைப் பத்தி கொஞ்சம் சொல்லலாம்னு…”

“அதெல்லாம் எனக்கெதுக்கு? உங்க ஆளுங்க ஒழுங்கா இருப்பீங்க. எங்க ஆளுங்களையும் ஒழுங்காக்குங்க. போதும்.”

ஆட்டப் பருவம் தொடங்கிய நாளில், சீனர்கள் கும்பிடும் தெய்வமான குவான் தேவர் படத்துக்கு முன்னால் முழுப் பன்றியைச் சுட்டு வைத்து, ஊதுவத்தி ஏற்றி, மாக் கத்தியைக் கையில் எடுத்தார். “டீம் இந்தப் பிரிவுல நிக்கிற வரைக்கும் நான் அதைக் கைவிட மாட்டேன். நுமாதா சாரும் இருப்பாரு. கீழ எறங்கிருச்சுன்னா அன்னிக்கே இழுத்து மூடிடுவேன். தேவர் சாட்சி!” என்று சொல்லிப் பன்றியை வெட்டினார். மாக் முதலாளி வங்கியை ஏமாற்றுவார், வரிக்காரரை ஏமாற்றுவார். குவான் தேவரை மட்டும் ஏமாற்ற மாட்டார். அது ஊருக்கே தெரியும்.

முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கினார்கள். உடைமாற்றும் அறையில் நுமாதா எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தார்.

“இன்னிக்கு அவங்கவங்க செஞ்ச தப்பை அவங்கவங்களே சொல்லணும்.”

பையன்கள் காலணிக் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமானார்கள். கடைசியில் அணித் தலைவன் சியுங், பிழைப்புக்கு லிஃப்ட் பழுது பார்ப்பவன், தொண்டையைச் செருமினான்.

“புல்லு சரியில்ல, சார்.”

“புல்லு நம்ம டீம்ல இல்ல, சியுங்.”

“எங்கிட்ட ஒரு தப்பு இருக்கு, சார்” என்றான் கோல்கீப்பர். அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் எவருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அவன் ‘மண்டை’. “இந்த நாலு தடிப்பசங்களை நம்பி முன்னாடி நிக்க விட்டேன் பாருங்க, அதுதான்.”

“ரெஃப்ரியோட மச்சான் எதிர் டீம்ல ஆடறான், சார்” என்றான் ‘ஈர்க்குச்சி’ என்ற முன்கள ஆட்டக்காரன்.

நுமாதா பணிவு குறையாமல் சொன்னார்: “எல்லாரும் தன் தப்பைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.”

அப்போது வாசலில் சாவிக்கொத்து குலுங்கியது. மைதானக் காவலாளி தலையை நீட்டினார். “உங்க நேரம் முடிஞ்சுபோச்சு. இப்பப் பூட்டப் போறேன். வெளிய வர்றவங்க வாங்க, மத்தவங்க அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க.”

ஹாங்காங்காரர்களுக்கு எந்த வரிசையிலும் சீக்கிரம் நகரும் வழி எது என்று கண்டுபிடிக்கத் தெரியும். சியுங் சட்டென்று எழுந்தான். “மூணு கோலும் என் தப்புதான், சார்.” மண்டை எழுந்தான். “நாலாவது விழுந்திருந்தா அது என் தப்பா இருந்திருக்கும், சார்.” ஈர்க்குச்சி, “நான் பொறந்ததே தப்பு, சார்” என்றான். சாவி பூட்டுக்குள் நுழைவதற்குள் எல்லோரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு வெளியே நின்றார்கள். நுமாதா மட்டும் கண் கலங்கி, அவர்கள் முதுகைப் பார்த்து இடுப்பு வளையக் கும்பிட்டார். அந்த அறையில் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

இத்தோடு நின்றிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. காவலாளியின் தொல்லை தாங்காமல் கூட்டத்தைக் கடையின் மாடிக்கு மாற்றினார்கள். அங்கே மாக் முதலாளி அதைக் கேட்டார். முதலாளியாகி இத்தனை காலத்தில், கருகிய வாத்துக்கு நான்தான் பொறுப்பு என்று ஓர் ஊழியன் சொல்லி அவர் கேட்டதில்லை. இங்கே ஒரு கூட்டமே ஒருவனை முந்திக்கொண்டு ஒருவன் பொறுப்பேற்கிறது! மனம் நெகிழ்ந்து, அன்று யார் பேச்சு உருக்கமோ அவனுக்கு ஒரு முழு வாத்து என்று அறிவித்தார்.

அன்றிலிருந்து அணி முன்னேறியது, ஆட்டத்தில் அல்ல. பேருந்தில் வரும்போதே பையன்கள் வாய்க்குள் ஒத்திகை பார்த்தார்கள். சியுங் பேச்சின் நடுவில் குரல் உடையும் இடத்தைக் கூடத் தீர்மானித்து வைத்திருந்தான். ஈர்க்குச்சி தன் செத்துப்போன தாத்தாவைக் கொண்டுவந்து, தான் தவறவிட்ட பெனால்டிக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டான். மாக் தம் கிளை மேலாளர்களை வரவழைத்து உட்கார வைத்தார். பிறகு காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். நுமாதாவிடம் பந்து கற்ற வங்கி ஊழியர்கள், தங்கள் மேலதிகாரிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் வாத்துச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பிறர் தப்பைக் கேட்டு, ஜப்பான் ஜப்பான்தான் என்று தலையாட்டிக் கலைந்தார்கள்.

மைதானத்திலோ கதை வேறு. பந்து வலைக்குள் போனதும் நான்கு தடுப்பாட்டக்காரர்களும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். “என் தப்புதான், சார்!” கொஞ்ச நாளில் பந்து வலைக்குப் போகும் வரைகூடக் காத்திருக்க முடியவில்லை. எதிரணிக்காரன் பந்தோடு ஓடி வருவதைப் பார்த்ததுமே கை தூக்கிவிட்டார்கள். அவன் கை தூக்கியவர்களின் ஊடே சாவகாசமாக நடந்து போய் கோல் போட்டான். ஒருமுறை அதன் பிறகு சண்டையே வந்துவிட்டது.

“அது என் தப்புடா! நீ ஏன் கையைத் தூக்குற?”

“உன் தப்பா? நீ அந்தப் பக்கமே வரலியேடா! தூங்கிட்டிருந்தவனுக்கு வாத்தா?”

“போன வாரமும் நீதான் தின்ன. இந்தத் தப்பை எனக்கு விட்டுக்குடு, சியுங்கண்ணே!”

மண்டை கோலுக்குள்ளிருந்து கத்தினான்: “கீப்பர் நான்டா! எனக்கில்லாத தப்பா?”

மைதானக் கோட்டுக்கு வெளியே நின்று நுமாதா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தாம் இத்தனை காலம் புனிதமென்று பொத்திவைத்திருந்த ஒன்றை இந்தப் பிள்ளைகள் வாத்துக்கு விற்றுவிட்டார்கள் என்று முதலில் நினைத்தார். பிறகு, ஜப்பானில் தாம் எழுந்து நின்று தப்பைச் சொன்னபோது எதை எதிர்பார்த்துச் சொன்னோம் என்ற நினைப்பு வந்தது. ‘எவ்வளவு நேர்மையான ஆள், இவனை வைத்துக்கொள்வோம்’ என்று யாராவது சொல்வார்கள் என்றுதானே? அவர் கேட்டதும் ஒரு வாத்துதான். கிடைக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

கடைசி ஆட்டம் மட்டும் மிச்சம். சமன் செய்தால் பிரிவில் நிற்கலாம், தோற்றால் இறங்க வேண்டும். மாக் முதலாளி அவரைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார்.

“இனிமே இந்தப் பந்து எதுக்கு, நுமாதா சார்? கோட்டு சூட்டு போடுங்க. எல்லாக் கிளைக்கும் போய்க் கூட்டம் நடத்துங்க. கம்பெனிக்காரங்க க்யூவுல நிக்கறாங்க.”

“டீம் என்ன ஆகும், முதலாளி?”

“கீழ எறங்கினா மூடிடறேன்னு தேவருக்கு முன்னாடி சொல்லியாச்சு. நான் என்ன செய்ய முடியும்?” என்றார் மாக். முகத்தில் வருத்தம் இல்லை. “எறங்கினாத்தான் நல்லதுன்னு வெச்சுக்குங்களேன். செயிச்சவன் மன்னிப்புக் கேட்டா யாருக்கு அழுகை வரும்?”

நுமாதா வெளியே வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய வாத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் கிடைத்த ஒரே அணி. இதுவும் போனால் மீதிக் காலமெல்லாம் கோட்டுப் போட்டுக்கொண்டு அடுத்தவர்களை அழ வைக்க வேண்டும்.

கடைசி ஆட்டம் தொடங்கும் முன், பழக்கத்தில் வட்டமாக உட்கார வந்தவர்களை அவர் உட்கார விடவில்லை.

“இன்னிக்கு யாரும் எந்தத் தப்பையும் ஒத்துக்கக் கூடாது. என்ன நடந்தாலும் பக்கத்துல இருக்கிறவன் மேல போடுங்க.”

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நிஜமாவா, சார்?” என்றான் மண்டை. அவன் குரல் நடுங்கியது. இந்த முறை ஒத்திகை இல்லை.

“வாய்க்கு வந்தபடி திட்டலாம். என்னைத் தவிர.”

அன்றுதான் பொன்னிறகு அணி அந்தப் பருவத்தில் முதன்முறையாகக் கால்பந்து ஆடியது. “டேய், முதுகுக்குப் பின்னாடி ஆள் வர்றான், லிஃப்டுக்கா காத்திருக்க?” என்று மண்டை அலறினான், சியுங் திட்டிக்கொண்டே திரும்பி ஓடிப் பந்தைப் பிடுங்கினான். “குடுடா, மானங்கெட்டவனே!” என்று ஈர்க்குச்சி கேட்டு வாங்கி ஒரு கோல் போட்டான். பார்வையாளர் வரிசையில் விருந்தினர்களோடு உட்கார்ந்திருந்த மாக்கின் முகம் வாடியது.

நுமாதாவுக்கு மகிழ்ச்சி தலைக்கேறிவிட்டது. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரனை வெளியே எடுத்துவிட்டு, ஈர்க்குச்சியைக் கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்தினார். ஏன் என்று அவருக்கே தெரியாது. ஈர்க்குச்சிக்கு அது எந்தப் பக்கம் என்பதே தெரியாது. அந்த வழியாகவே எதிரணி வந்து ஒன்று போட்டது. சமன். அதன்பின் எல்லோரும் கோலுக்கு முன்னால் குவிந்து, ஒருவர் காலை ஒருவர் மிதித்து, ஒருவர் பரம்பரையை ஒருவர் இழுத்து, விசில் ஊதும்வரை தாக்குப்பிடித்தார்கள்.

பிரிவில் நின்றாகிவிட்டது. மாக் முதலாளி விருந்தினர்களோடு உடைமாற்றும் அறைக்கே வந்துவிட்டார். வாங்கிய ஒரு கோலுக்கான மன்னிப்பையாவது அவர்களுக்குக் காட்டி அனுப்ப வேண்டும் அல்லவா?

“சரி, நுமாதா சார்” என்றார். “அந்தக் கோல் எப்படி வாங்குனீங்க? யார் தப்பு அது?”

ஈர்க்குச்சி தன் காலணியைப் பார்த்தான். மற்றவர்கள் நுமாதாவைப் பார்த்தார்கள். யார் தப்பு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நுமாதாவின் கைகள் பழக்கத்தில் தொடையோடு ஒட்டின. இடுப்பு தானாக வளையத் தொடங்கியது. பாதியில் நின்றது. மெல்ல நிமிர்ந்தார்.

“காத்து, முதலாளி” என்றார்.

“காத்தா?”

“அந்தப் பக்கத்துலேர்ந்து அடிச்சுது. சரியான காத்து.”

“பேய்க்காத்து, முதலாளி!” என்றான் சியுங்.

“பந்து கண்ணுக்கே தெரியல!” என்றான் மண்டை.

“அதோட புல்லும்” என்றார் நுமாதா. சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கமும், அதற்குப் பின்னால் ஒரு வெளிச்சமும் வந்தன. “புல்லும் சரியில்ல.”

மாக் முதலாளி திறந்திருந்த வாசல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். மூலைக் கொடி, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் வாத்துப் போல, அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவருக்குக் குவான் தேவரின் நினைவு வந்திருக்க வேண்டும். பெருமூச்சு ஒன்று விட்டார்.

“அடுத்த பருவத்துக்கும் தேவருக்கு ஒரு பன்னி சுடச் சொல்லணும்” என்று விருந்தினர்களிடம் முணுமுணுத்துக்கொண்டே வெளியே நடந்தார்.