மஞ்சள் வைத்த முதல் நாள் உறைகள்

அடி அண்ணாமலையிலிருந்து டவுனுக்குப் பாதி வழி வந்த பிறகுதான், செருப்பை அக்கா வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பிப் போக மனமில்லை. மலையைச் சுற்றும் பாதையில் வெறுங்காலோடு நடப்பவனை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் என்னைக் கும்பிட்டுவிட்டுக்கூடப் போனார். பங்குனி வெயிலில் தார் இளகிக் காலில் ஒட்டியது. அக்கா மேல் இருந்த கோபத்திலும் மலை வலப்பக்கம் இருக்கும்படிதான் நடந்தேன். பழக்கம்.

தோளில் தொங்கிய துணிப்பைக்குள் ஒரு பிஸ்கட் டப்பா. அதில் என்னுடைய முதல் நாள் உறைகள், நாற்பத்து மூன்று. புதுத் தபால்தலை வெளியாகும் நாளில் பெரிய ஊர்த் தபால் நிலையங்களில் படம் அச்சிட்ட உறை ஒன்றை விற்பார்கள். அதில் அந்தத் தபால்தலையை ஒட்டி, அன்றைக்கென்றே செய்த முத்திரையைக் குத்தித் தருவார்கள். மறுநாள் போனால் அந்த முத்திரை கிடைக்காது. அதற்காக நான் வேலைகளை விட்டிருக்கிறேன். ஹூப்ளியில் ஓட்டலில் மாவாட்டிக்கொண்டிருந்தபோது, தபால்தலை வாங்கப் போகவேண்டும் என்று காலையில் லீவு கேட்டேன். அங்கேயே இருந்துகொள் என்றார் முதலாளி. இருந்துகொண்டேன்.

ஆறாவதோடு படிப்பு நின்றது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஊரைவிட்டுக் கிளம்பிய நான், பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை ஊர்களில் இருந்தேன் என்று சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் தபால் நிலைய வரிசைகள் எல்லாம் நினைவிருக்கின்றன. கவுண்டர் திறக்கும் முன்பே போய் நிற்பேன். முத்திரை நேராக விழவேண்டும் என்று குமாஸ்தாவிடம் கெஞ்சுவேன். ரயில் இன்ஜின், கொக்கு, சிறுத்தை, யாரோ ஒரு தாடிக்காரர். எதுவானாலும் மை காயும்வரை ஊதிக்கொண்டு நிற்பேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பசி இருக்காது.

உறையை வைத்துக்கொள்ளத்தான் இடமில்லை. ஓட்டல் பின்கட்டிலும் லாரி ஷெட்டிலும் படுப்பவனுக்குப் பெட்டி ஏது? அதனால் அக்கா வீட்டு விலாசத்தை எழுதி அங்கேயே பெட்டியில் போட்டுவிடுவேன். உள்ளே மடங்காமல் இருக்க ஓர் அட்டை. வேறு ஒரு வரி எழுதமாட்டேன். எழுதினால் அழுத்தம் பட்டு உறை கெட்டுவிடும் என்று எண்ணம்.

பன்னிரண்டாவது வருஷம் மெட்ராஸில் ஒரு சந்தில் தபால்தலைக் கடை வைத்திருந்தவரிடம் இந்த உறைகளைப் பற்றிச் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். தபாலில் பயணம் போய், முதுகில் போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரையும் வாங்கி, கறையில்லாமல் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கும் என்றேன். "எடுத்துக்கிட்டு திங்கட்கிழமைக்குள்ள வாப்பா. அதையே முதலா வெச்சு என்கூட கடையில உட்காரு. எனக்கும் ஆள் வேணும்" என்றார். கடையில் மின்விசிறிக்குக் கீழே ஒரு ஸ்டூல் காலியாக இருந்தது. வாழ்நாளில் நான் ஆசைப்பட்ட வேலை அது ஒன்றுதான்.

உறைகளை எடுத்துப்போகத்தான் அன்று காலை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா டப்பாவைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கூட தொலைக்கலடா. எலி வருதுனு பரண் மேல வெச்சிருந்தேன்."

மூடியைத் திறந்ததும் மஞ்சள் வாசனை. கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல ஒவ்வோர் உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. வலது மேல் மூலையில்தான் தபால்தலை இருக்கும்.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்க?"

"மஞ்சள் வெச்சேன்."

"எதுக்கு?"

"வெறும் கவரா வருது. தபால்காரர்கிட்ட குடுத்துப் படிங்கனா, அட்டைதாம்மா இருக்குது, எழுத்தே இல்லன்றாரு. நல்ல சேதியா கெட்ட சேதியானு எனக்கு எப்படித் தெரியும்? கெட்ட சேதி காயிதத்த வூட்ல வெக்கக்கூடாது, கிழிச்சிப் போட்டுடணும். மேல உன் கையெழுத்து இருக்குது, கிழிக்க மனசு வரல. மஞ்சள் வெச்சிட்டா நல்ல சேதினு ஆயிடும்ல?"

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மாமா அங்கிருந்தே சொன்னார்: "கவர்ல காத்து புடிச்சி அனுப்பறான் உன் தம்பினு அன்னிக்கே சொன்னேன். ஹூப்ளி காத்து, நாக்பூர் காத்து. நாங்களும் பிரிச்சிப் பிரிச்சி வாங்கிக்கினு இருந்தோம் மச்சான்."

"நீங்க கம்முனு இருங்க" என்றாள் அக்கா.

"எல்லாம் வீணாப் போச்சுக்கா. இனிமே ஒண்ணுத்துக்கும் ஆவாது."

"பொம்மை மூஞ்சில படாமதான்டா வெச்சேன்."

மாமா ஈரத்துண்டோடு வந்து, துடைத்தால் போய்விடும் என்று மேலே இருந்த உறையைத் துடைத்தார். முத்திரையின் மை நீலமாகப் பரவி, கொக்கின் காலை மூடியது. நான் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டேன். எழுத்து தெரியாதவள் வீட்டுக்கு அனுப்பினேனே, என் புத்தியைச் சொல்லவேண்டும் என்றேன். ஆறாவது படித்தவன் சொன்னது அது. நான் வாசல் தாண்டும்போது, "சாப்ட்டுட்டுப் போடா" என்று அக்கா சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

கால் பொறுக்காமல் வழியில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். ஒன்றாவது தப்பியிருக்கும், மெட்ராஸுக்குக் கொண்டுபோகலாம் என்ற நப்பாசையில் டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வந்த வரிசை மாறாமல் அடுக்கியிருந்தாள். பழைய உறைகளில் மஞ்சள் கட்டை விரல் அகலத்துக்கு இருந்தது. போகப் போகச் சிறுத்து, தபால்தலை இருக்கும் மூலையில் மட்டும் விளிம்பிலே ஒரு பொட்டாக நின்றது. பொம்மை முகத்தில் படாமல் வைத்தேன் என்று அவள் சொன்னது நிஜம்தான்.

ஓர் உறையில் கை நின்றது. அதில் மஞ்சளின் மேல் குங்குமம். நான்கு மூலையில் மட்டுமில்லை, நடுவிலும், பின்பக்கத்திலும். ஐந்து விரலும் பதிந்திருந்தன. தபால்தலையில் என்ன படம் என்றே தெரியவில்லை. முதுகில் இருந்த ஊர் முத்திரையில் தேதியைப் பார்த்தேன். அதற்கு முந்தைய உறைக்கும் அதற்கும் இடையே ஒன்றரை வருஷம். நாக்பூரில் காமாலை வந்து தர்ம ஆஸ்பத்திரியில் கிடந்ததும், எழுந்த பிறகு மூட்டை தூக்க முடியாமல் திரிந்ததும் அப்போதுதான். பிறகு விஜயவாடாவில் அந்த உறையை வாங்கி, மை காய ஊதிக்கொண்டு நின்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிழைத்துவிட்டேன் என்று அந்த அட்டையில் இரண்டு வார்த்தை எழுதியிருக்கலாம். உறை கெட்டுவிடுமே என்றுதான் இருந்தேன்.

மீதி உறைகளைப் பார்க்காமல் மூடினேன். கறையில்லாதது ஒன்றும் இருக்காது என்று தெரிந்துவிட்டது.

அன்றிரவு பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். விடியற்காலையில் மெட்ராஸ் வண்டி நின்றது. கண்டக்டர் என் முகத்தைப் பார்த்து இரண்டு முறை ஊர் பெயரைக் கூவினார். போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரியும். கடைக்காரர் முதல் உறையை இடுக்கியால் எடுப்பார், மெதுவாகக் கீழே வைப்பார். ஆனாலும் அந்த ஸ்டூலை நினைத்துக்கொண்டு வண்டி திரும்பி மறையும்வரை பார்த்தேன். இப்போதும் எங்காவது தபால் நிலையத்தின் முன் வரிசை நின்றால் என் நடை தானாகக் குறைகிறது.

வேலூர்ப் பக்கம் போகும் லாரி ஒன்றும் நின்றிருந்தது. வேறொரு சமயமாக இருந்தால் ஏறியிருப்பேன். அன்று ஏறவில்லை. வேர்க்கடலை மண்டிக்கு நடந்து, மேஸ்திரியிடம் வேலை கேட்டேன்.

"ரெண்டு நாள்ல ஓடறவன் வேணாம்பா. இருப்பியா?"

"இருக்கறேங்க."

"எந்த ஊரு?"

"அடி அண்ணாமலைங்க. அக்கா வூடு."

"சோத்துக்கு அங்க போயிடுவல்ல? இங்க யாரும் போடமாட்டாங்க."

"போயிடுவேங்க."

அவர் ஒரு கோணி ஊசியையும் சணல் கண்டையும் என் முன் போட்டார். நிரம்பிய மூட்டைகளின் வாயைத் தைக்கும் வேலை. மதியத்துக்குள் இருபது மூட்டை தைத்திருப்பேன். தையல் கோணலாகத்தான் வந்தது. ஆனால் ஒன்றும் பிரியவில்லை.