கறுப்புச் சாக்லேட்டில் மயில் நீலம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பிரிண்டிங் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். கல்யாணமாகிக் கோவைக்கு வந்து, மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்க ஆரம்பித்தேன். பிறந்தநாள், வளைகாப்பு என்று சின்னச் சின்ன ஆர்டர்கள்தான் வந்துகொண்டிருந்தன. முதல் கல்யாண ஆர்டர் பல்லடத்திலிருந்து வந்தது.

ஆர்டர் கொடுக்க வந்த அம்மா கோழிப்பண்ணை வைத்திருப்பவர். மகளின் முகூர்த்தப் பட்டைக் கையோடு கொண்டுவந்து என் சாப்பாட்டு மேஜையில் விரித்தார்.

“இந்த மயில் நீலம் இருக்குதுங்களே, இதே கலர்ல சாக்லேட் மேல மயில் வேணுமுங்க. டார்க் சாக்லேட்டாத்தான் இருக்கோணும். மாப்பிள்ளை ஊட்டுல இனிப்புக் கம்மியாத்தான் சாப்புடுவாங்க.”

சரியென்று சொல்லிவிட்டேன். அந்த மாதிரிப் படம் வருவதற்கு டிரான்ஸ்ஃபர் ஷீட் வேண்டும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளின் ஒரு பக்கத்தில், வண்ணம் கலந்த கோகோ வெண்ணெயால் படம் அச்சாகியிருக்கும். அதன்மேல் உருக்கிய சாக்லேட்டைப் பரப்பி, இறுகியதும் தாளை உரித்தால் படம் சாக்லேட்டுக்கு வந்துவிடும்.

பேக்கரி சாமான் கடைக்காரர் நான் கேட்டதும் பத்துப் பதினைந்து தாள்களை மேஜையில் பரப்பினார். தங்க மினுமினுப்போடு ஒரு மயில், பார்த்ததும் கண்ணைப் பறித்தது. பின்பக்கம் திருப்பினேன். என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற விவரமே இல்லை. ‘நச்சில்லாதது, அலங்காரத்துக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் இருந்தது.

“இதைத் திங்கலாமுங்களா?”

“நச்சில்லைன்னு போட்டிருக்குதுங்களே அம்மணி. எல்லாரும் வாங்கிட்டுத்தான் போறாங்க.”

“கொழந்தைங்க கிரேயான்லகூட நச்சில்லைன்னுதான் போட்டிருக்குதுங்க. அதைத் திங்கக் குடுப்பமுங்களா?”

அவர் சிரித்துவிட்டு அந்தத் தாளை எடுத்து உள்ளே வைத்தார். கோகோ வெண்ணெய், உணவு நிறம் என்று சேர்மானம் முழுக்க அச்சிட்டிருந்த நீல மயில் தாளைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் அதற்குள் பல்லடத்து அம்மா வேறு எங்கோ தங்க மயிலின் படத்தைப் பார்த்துவிட்டார். போனில் கூப்பிட்டு அதுதான் வேண்டும் என்றார்.

“அது பார்க்கத்தானுங்க, சாப்புடறதுக்கு இல்லீங்க. கல்யாணத்துக்கு வர்ற கொழந்தைங்க வாயில நான் அதை வைக்க மாட்டேனுங்க.”

ஆர்டர் போய்விட்டது என்றே நினைத்தேன். போனாலும் போகட்டும் என்று மனது கெட்டியாக இருந்தது.

“சேரிங்க,” என்றார் கடைசியில். “உங்களுக்குச் சேரின்னு பட்டதைச் செய்யுங்க.”

அன்று மதியமே ஒரு தாளில் டார்க் சாக்லேட்டைப் பரப்பிப் பார்த்தேன். இறுகியதும் உரித்தேன். தாளில் துளி வண்ணம் ஒட்டாமல் சுத்தமாக வந்தது. ஆனால் சாக்லேட்டில் மயிலைக் காணோம். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது. என் கணவர் வாங்கிப் பார்த்தார்.

“மயிலு எங்க? பறந்துபோயிருச்சா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போட்டிருந்த கறுப்பு டீ-ஷர்ட்டில் மஞ்சள் எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கறுப்புத் துணியில் மஞ்சளை நேராக அடித்தால் மங்கிப்போகும். முதலில் வெள்ளை அடித்து, அதன்மேல்தான் மஞ்சள் அடிப்போம். ஒன்பது வருடம் தினமும் பார்த்த வேலை! இங்கே நீலம் ஏற்கெனவே தாளில் இருக்கிறது. அப்படியானால் அதன் முதுகில் வெள்ளை போக வேண்டும், அதற்குப் பிறகுதான் கறுப்பு.

வெள்ளைச் சாக்லேட்டை உருக்கி, மயில் வடிவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் தாளை வைத்து, மயிலின் மேல் மட்டும் மெல்லிசாக இழுத்தேன். அது நன்றாக இறுகிய பிறகு டார்க்கை ஊற்றியதில் இரண்டும் ஒட்டாமல் தனித்தனியாகக் கழன்று வந்தன. அடுத்த தடவை அவசரப்பட்டு ஊற்றினேன், இரண்டும் கலங்கிவிட்டன. வெள்ளை ஓடாமல், ஆனால் விரல் வைத்தால் லேசாக ஒட்டும் பதத்தில் ஊற்றியபோதுதான் சரியாக வந்தது. தாளை உரித்தேன். கறுப்பின் மேல், தோகை விரித்து, பட்டுப் புடவையின் அதே நீலத்தில் மயில் நின்றது. சமையலறையில் தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

கல்யாணம் பெருந்துறையில். காரில் ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு நானும் கணவரும் பெட்டிகளைக் கொண்டுபோய் இறக்கினோம். பல்லடத்து அம்மா ஒரு பெட்டியைத் திறந்து, மணப்பெண்ணின் முந்தானைக்குப் பக்கத்தில் ஒரு சாக்லேட்டை வைத்துப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் ஒன்றை எடுத்துத் தின்றுகொண்டே, “ஏனுங்க, இது பெங்களூர்ல சொல்லிச் செஞ்சதுங்களா?” என்று கேட்டார்.

“பெங்களூருங்களா? நம்ம கோயமுத்தூருங்க. இதா நிக்கறாங்களே, இவுங்க கைவேலை!” என்றார் பல்லடத்து அம்மா.

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். யாராவது பாராட்டினால், ‘ஏதோ செஞ்சேனுங்க’ என்று தலையைக் குனிந்துகொள்வது என் பழக்கம். அன்று குனியவில்லை.

“ஆமாங்க, நான்தான் செஞ்சேன்,” என்றேன்.

கறுப்பில் நீலம் எப்படி இத்தனை எடுப்பாக நிற்கிறது என்று அந்த அத்தை கேட்டார். வெள்ளையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாக விவரமாகச் சொன்னேன். பந்திக்குக் கூப்பிட்டார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் நகரவில்லை.