சத்தம் போடாத கியர்

எனக்கு எண்பத்தைந்து வயது நடக்கிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. தங்கச்சி பிள்ளைகள் இரண்டும் என் கையில்தான் சாப்பிட்டன. அத்தனை பேரையும் ஆளாக்கியது சிவகாசி அச்சாபீஸில் நான் கிரீஸ் போட்ட வேலை.

பட்டாசு லேபிளின் முதுகில் பசை தடவும் மிஷின் அது. மோட்டார் சுவருக்கு அந்தப் பக்கம். பெல்ட்டை மாட்டினால் ஓடும், கழற்றினால் நிற்கும். கியர் மூடிக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. விரலில் கிரீஸை எடுத்து உள்ளே விட்டுத் தடவ வேண்டும். இரும்புக் கியருக்குக் காதுதான் கணக்கு. கரகரவென்று கத்தினால் கிரீஸ் கேட்கிறது. சத்தமே இல்லையென்றால் மிஷின் நிற்கிறது.

அறுபதுகளின் கடைசியில் முதலாளி வெள்ளைப் பிளாஸ்டிக் கியர் ஒன்று வரவழைத்தார். அதற்கு அள்ளி அப்பக் கூடாது, மேலாகப் பூசினால் போதும், இல்லையென்றால் பேப்பர்த் தூசி ஒட்டிக்கொள்ளும் என்று ஃபோர்மேன் அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தார். ஓடவிட்டால் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

என்னோடு வேலை பார்த்த ராக்கம்மா, "எம் மாமியாளுக்கும் இதுல ஒண்ணு மாட்டிவிடுங்க அண்ணாச்சி" என்றாள்.

தீபாவளி சீசன். லோடு போக வேண்டிய நாள். பெல்ட்டைக் கழற்றி மிஷினை நிறுத்திவிட்டு ராக்கம்மா கிரீஸ் எடுக்கப் போனாள். அது தெரியாமல் அண்ணாச்சி சுவருக்கு அந்தப் பக்கம் பெல்ட்டை மாட்டிவிட்டார். திரும்பி வந்தவள் காதைக் கொடுத்தாள்; சத்தம் இல்லை. நிற்கிறது என்று நினைத்து மூடிக்குள் கையை விட்டாள்.

அவள் போட்டிருந்த பித்தளை மோதிரம் பல்லில் மாட்டி, கியர்ப் பல் இரண்டு ஒடிந்தது. நகம் பிய்ந்தது; விரல் தப்பியது.

முதலாளி வந்து யார் ஒடித்தது என்று கேட்டார். ராக்கம்மா கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் கால் ஒடிந்து ஆனைக்குட்டம் கிராமத்தில் படுத்திருந்தார். இந்த வேலை போனால் அடுப்பு எரியாது.

அண்ணாச்சி முன்னால் வந்தார்.

"நாந்தான் மொதலாளி. பாக்காம பெல்ட்ட மாட்டிட்டேன். அந்தப் பிள்ள வெரலே போயிருக்கும்."

முதலாளி எல்லார் முன்னாலும் அவரை வைதார். அவர் பழைய இரும்புக் கியரை எடுத்து மாட்டினார்.

புதுக் கியர் மறுபடி வந்த அன்று, அண்ணாச்சி பெல்ட்டைக் கழற்றி ராக்கம்மா தோளில் போட்டார்.

"கிரீஸ் போட்டு முடிக்கிற வரைக்கும் இது ஒங்கிட்டயே கெடக்கட்டும். நானே கேட்டாலும் குடுக்காத."

அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸில் அதுதான் வழக்கம். மிஷினில் கை வைக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் அதுதான். நிற்கிறதா என்று காதைக் கேட்காதீர்கள். ஓட்டுகிற பெல்ட் உங்கள் தோளில் இருக்கட்டும்.

ஏலே பேராண்டி, எழுதினத வாசிச்சுக் காட்டு. அண்ணாச்சியக் கொறை சொன்ன மாதிரி எங்கனயும் இருந்தா, அத மாத்தி எழுதிரு.